ஐந்தாம் அடை

தேனீக்கு ஆயுசு நாற்பது நாள். அதற்குள் அது ஒரு மலையைக் கற்றாக வேண்டும். எந்தச் சரிவில் தண்ணீர் கிடக்கும், ரப்பர் எப்போது தளிர்விடும், எந்தக் காற்றில் போனால் திரும்பி வர முடியாது என்பதெல்லாம் தெரிந்து முடிக்கிற நேரத்தில் செத்து விழும். அப்படியும் கூடுகள் பிழைத்து வந்தன என்றால், எப்போதும் மூத்தவை கொஞ்சம் மீதி இருக்கும். இளையவை அவற்றின் பின்னால் பறக்கும்.

அழுகல் வருசத்தில் மூத்தவை மீதியில்லாமல் போயின.

மஞ்சாடிவிளையைச் சுற்றிய மலையோரத்தில் நாலாயிரம் பெட்டிகள் இருந்தன. மூன்று மாதத்தில் ஒன்றும் இல்லை. அறைக்குள் புழு தலையைத் தூக்கியபடி செத்துக் கிடக்கும். தோல் பையாகி உள்ளே நீர் கட்டியிருக்கும். தொட்டால் உடையும். ஊர் அதற்கு அழுகல் என்று பெயர் வைத்தது. அதன் பின் எட்டு வருடம் அந்த மலையில் பூசணியும் பாகலும் தானாகக் காய்க்கவில்லை. பெண்கள் ஈர்க்குச்சி நுனியில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு விடியற்காலையில் பூவுக்குப் பூ தொட்டு வைத்தார்கள். தொட்டது பாதி காய்த்தது, பாதி வெம்பிப் போனது.

ஒன்பதாம் வருடம் ஆய்வுக்கூடத்திலிருந்து ஈ வந்தது. அழுகல் தாக்காத ஈ என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், அது உண்மைதான். ஆனால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் பெட்டியைத் திறந்துவிட்டால் மாலையில் பாதி திரும்பாது. பத்து நாளில் பெட்டி காலி.

அப்புறம்தான் தமயந்தி வந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. முப்பது வயசு இருக்கும். ஆராய்ச்சிக்காரி என்றாலும் கையுறை போடாமல் பெட்டியைத் திறப்பாள் என்பதால் தேனீ வளர்ப்போர் சங்கத்து ஆட்களுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சங்கத்தின் பெட்டி மேற்பார்வையாளர் ஞானதாஸ்தான் அவளுக்கு மலையைச் சுற்றிக் காட்டினார். ஐம்பத்தெட்டு வயது, மெலிந்த ஆள். அதிகம் பேசமாட்டார், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் போய் நிற்பார்.

"எங்கயாச்சும் கருத்த தேனடை இருந்தா வேணுமுங்கண்ணா," என்றாள் தமயந்தி. "எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது."

ஞானதாஸ் சிரித்தார். "மேடம், மூணு வருசத்துக்கு மேல ஒரு அடைய வெச்சிருந்தா சங்கத்துல திட்டு கிட்டும். வெட்டி உருக்கி மெழுகாக்கணும். மரச்சட்டத்த சோடாக்காரத்துல வேகவெச்சு புது மெழுகுத்தாள் ஒட்டணும். கருத்த அடை வெச்சிருக்குதவன் மடியனாக்கும் எங்க ஊருல."

"அந்த மடியனுங்க வீட்டு அட்ரஸ்தானுங்க வேணும். ஒவ்வொரு புழுவும் ஈயாகி வெளிய வர்றப்போ ஒரு தோலை அறைக்குள்ளயே விட்டுட்டுப் போகுது. அதனாலதான் அடை கருக்குது. இந்தப் புது ஈயை நாங்க கொஞ்சம் மாத்தியிருக்கோம். இதோட புழு அந்தத் தோலை நக்கிக்கிட்டே வளரும். முன்னாடி அந்த அறையில இருந்தவ எங்க போனா, எதைத் தின்னா, எதுக்குப் பயந்தா, எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே வெளிய வரும்."

"செத்தவளுக்க ஓர்ம."

"அப்படியே வெச்சுக்கங்க."

ஊர் அதை அப்படியே வைத்துக்கொண்டது. ஓர்ம என்றால் அங்கே நினைவு. ஓர்ம ஈ என்று பெயராயிற்று.

அழுகல் வருசத்தில் எல்லா அடையையும் எரித்தாயிற்று என்றுதான் எல்லோரும் சத்தியம் செய்திருந்தார்கள். இப்போது பார்த்தால் பரண்களிலிருந்தும் ரப்பர் தாள் உலர்த்துகிற புகைப்புரைகளிலிருந்தும் கருத்த அடைகள் ஒவ்வொன்றாக இறங்கின. அவற்றில் வளர்ந்த ஈக்கள் இரண்டாம் நாளே நேராகக் கிழக்குச் சரிவின் ஊற்றுக்குப் போயின. யாரும் காட்டவில்லை. ஞானதாஸ் அதை ஒரு பாறையில் உட்கார்ந்து பார்த்தார். சந்தோஷப்பட வேண்டிய காட்சி. அவர் பாதியில் எழுந்து இறங்கிவிட்டார்.

மலை மறுபடி காய்க்கத் தொடங்கிய அதே வருடம் இன்னொன்றும் தொடங்கியது. கீழே ஒரு வாழைத்தோட்டத்தில் ஓர்ம ஈக்கள் மேற்கே மட்டும் பறக்க மறுத்தன. தமயந்தி தன் குறிப்பேட்டுக்காகத்தான் காரணம் தேடினாள். மேற்கே இருந்தது தோட்டக்காரரின் உடன்பிறந்த தம்பியின் நிலம். பதின்மூன்று வருடத்துக்கு முன் பூத்த மரத்தில் அவன் விஷம் அடித்திருக்கிறான். அண்ணனின் அறுபது பெட்டி அதில் போயிருக்கிறது. அண்ணன் அதுவரை அதைத் தன் தலையெழுத்து என்று நினைத்திருந்தார். இப்போது இருவரும் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு பேசுவதில்லை.

அதோடு ஊர் விழித்துக்கொண்டது. யார் வீட்டில் எந்த அடை இருக்கிறது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்தவன் கூட்டத்தைத் திருடிப் பிடித்தவன் இருந்தான். அழுகல் வந்த பெட்டியைத் தெரிந்தே விற்றவன் இருந்தான். பொன்னாகப் பாதுகாத்த அடைகளைப் பட்டப்பகலில் வாசலில் போட்டுக் கொளுத்தினார்கள். ஒரு வாரம் மஞ்சாடிவிளை முழுக்க மெழுகு எரிகிற மணம். தமயந்தி ஒவ்வொரு வாசலாகப் போய்க் கெஞ்சினாள்.

"பூச்சி அரிச்சுப் போச்சு மேடம், அதான்," என்றார்கள் எல்லோரும்.

அப்போதுதான் ரோஸ்லெட் சங்கத்துக்கு வந்து, என்னிடம் ஏழு அடை இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றாள்.

ரோஸ்லெட்டைப் பற்றி ஊர் சொல்கிற கதை இது. அழுகல் வருசத்தில் மெழுகுத்தாள் கிடைக்கவில்லை. அவள் கணவன் பெனட்டுக்கு நூற்று நாற்பது பெட்டி. புது அடை கட்ட வழியில்லாமல், ரோஸ்லெட் புகைப்புரையில் தொங்கப்போட்டிருந்த நாலைந்து வருடத்துப் பழைய அடைகளை எடுத்துத் துடைத்துப் பெட்டிகளில் போட்டாள். வேண்டாம் என்று பெனட் சொல்லியிருந்தான். போட்டு இரண்டு வாரத்தில் அவர்கள் பெட்டியில்தான் முதல் அழுகல் தெரிந்தது. அங்கிருந்து மலை முழுக்கப் போயிற்று. பெனட் ஊர் நடுவில் வைத்து, "நீதான் கொன்னது," என்று அவளைப் பார்த்துச் சொன்னான். மூன்றாம் மாதம் ரப்பர் புரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவன் உயிரோடு வெளியே வரவில்லை.

அவள்மேல் யாரும் வழக்குப் போடவில்லை. அதைவிட எளிதான ஒன்றைச் செய்தார்கள். அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பெட்டியாவது ஈ குறைந்து சோர்ந்துபோனால், பக்கத்துக்காரன் தன் பெட்டியிலிருந்து புழு நிறைந்த ஒரு சட்டத்தைத் தூக்கிக் கொடுப்பான். புழுச்சட்டம் என்பார்கள். கேட்டால் இல்லையென்று சொல்லக் கூடாது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. வாங்கியவன் அதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கொடுத்தவனை அவமானப்படுத்தியதாக அர்த்தம். ஓர்ம ஈ வந்த பிறகு ரோஸ்லெட் நாலு வீட்டில் புழுச்சட்டம் கேட்டாள். நாலு வீட்டிலும் அவளை உட்காரச் சொல்லிச் சாயா கொடுத்தார்கள். சட்டம் கொடுக்கவில்லை.

ஞானதாஸ் மட்டும்தான் அவள் வீட்டுக்குப் போய்வருவார். கூரை மாற்ற ஆள் பிடித்துக் கொடுத்தார். மகளைக் கட்டிக்கொடுக்கும்போது முன்னால் நின்றார். ஊர் அவரை மெச்சியது.

ஊருக்குத் தெரியாததை ஞானதாஸ் பதினோரு வருடமாகத் தனியாக வைத்திருந்தார். அந்த வருடம் எல்லைக்கு அந்தப் பக்கம் மூடிப்போன ஒரு தேன் பண்ணையிலிருந்து அவர் பன்னிரண்டு சட்டங்களை அடையும் புழுவுமாக வாங்கி வந்தார். கருத்த அடை. தன் குறியான மூன்று புள்ளிகளைச் சுட்ட கம்பியால் சட்டங்களில் போட்டார். வந்த அன்று மாலை பெனட் ஒரு புழுச்சட்டம் கேட்டான். ரோஸ்லெட் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பன்னிரண்டில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். பெனட் சோதித்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மீதிப் பதினொன்றில் ஞானதாஸ் தலைதூக்கிய புழுவைக் கண்டார். பதினொன்றையும் கிணற்றடியில் போட்டு எரித்தார். பெனட் வீடு ஒரு கிலோமீட்டர் தூரம். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. நாளை போகலாம் என்று நினைத்தார், பிறகு அது தேவையில்லாமல் போயிற்று.

பெனட் கடைசிவரை அந்தச் சட்டத்தைச் சந்தேகிக்கவில்லை. கொடுத்த சட்டத்தைச் சந்தேகிக்கிற ஆள் இல்லை அவன்.

"எரிக்கச் சொன்னப்போ ஒரு பெட்டிய மட்டும் நான் எரிக்கல்ல அண்ணே," என்றாள் ரோஸ்லெட். சங்கத்து மேசையில் பாலிதீன் சுற்றிய புழு அறைப் பெட்டியை வைத்தாள். பதினோரு வருடப் புகை அதன்மேல் தார் மாதிரி படிந்திருந்தது. "முதல்ல அழுகின பெட்டி. எது கொன்னதுன்னு தெரியாம எரிக்க மனசு வரல்ல. ஏழு அடை இருக்கு. நான் தொறந்தும் பாக்கல்ல."

"என்னத்துக்கு ரோஸ்லெட்டு இப்போ இதெல்லாம்?"

"பெனட்டு சொன்னது சரியா தப்பான்னு தெரியணும். நான் போட்ட அடைன்னா நான்தான். இல்லைன்னா இல்ல. எதுவா இருந்தாலும் சரி, தெரிஞ்சா போரும். தெரியாம ஒறங்க முடியல்ல அண்ணே, பதினோரு வருசமாச்சு."

சங்கத் தலைவர் ஆபிரகாம் சார், ரிட்டையர்டு வாத்தியார், ஏழு அடை என்று ரசீது எழுதிக் கொடுத்தார். தமயந்தி திங்கட்கிழமை வருகிறாள். அதுவரை பெட்டி சங்கத்துக் கிடங்கில், ஞானதாஸின் பொறுப்பில்.

அவர் தமயந்திக்குப் போன் செய்தார். "மேடம், இந்த ஈ என்னதான் சொல்லும்?"

"அழுகலைப் பாத்த அடையா இல்லையான்னு சொல்லிடுமுங்கண்ணா."

"அம்பிடுதானா?"

"முக்கியமா அதான். வந்து பேசலாமுங்க, பஸ்ல இருக்கேன்."

ஏழு அடையும் அழுகலைப் பார்த்தவைதான். அப்படியென்றால் ஈ ஏழையும் ஒன்றுபோலத்தான் சொல்லும். இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தவருக்குச் சட்டத்தின் நினைவு வந்தது. மூன்று புள்ளி. பெனட்டின் பெட்டிக்குள் தன் குறி போட்ட சட்டம் ஏன் வந்தது என்று ஒருவர் கேட்டால் போதும்.

ஞாயிறு மத்தியானம், ஊர் முழுக்கக் கோயில் முடிந்து சோற்றுக்கு உட்கார்ந்திருந்த நேரம், கிடங்கைத் திறந்தார். ஐந்தாவது சட்டம். மேல்கட்டையைத் துணியால் துடைத்தபோது புகைக்கு அடியில் மூன்று புள்ளிகள் தெரிந்தன. அடையை அப்படியே எடுத்துவிட முடியாது, ரசீதில் ஏழு என்று இருக்கிறது. இன்னொரு கருத்த அடையை வைக்கலாம் என்றால் ஊரில் ஒன்று மிச்சமில்லை, எல்லோரும் எரித்துவிட்டார்கள். பார்த்தார். பிறகு நாற்பது வருடமாகக் கை செய்து பழகிய வேலையைச் செய்தார். கிடங்கு மூலையில் சோடாக்காரத்தில் வேகவைத்து அடுக்கிய பழைய வெறும் சட்டங்கள் கிடந்தன, பெனட்டுடையவையும் அதில் இருந்தன. பெனட்டின் குறியான பிறை போட்ட ஒன்றை எடுத்தார். கத்தியைச் சுடவைத்துத் தன் சட்டத்திலிருந்து அடையை ஓரம் ஓரமாக அறுத்தெடுத்தார். பிறைச் சட்டத்துக்குள் பொருத்தி, வாழைநாரால் மூன்று கட்டுக் கட்டினார். காட்டுக்கூட்டைப் பெட்டிக்கு மாற்றும்போது செய்கிற வேலை அது. ஈக்கள் நாலு நாளில் அடையை மரத்தோடு ஒட்டிவிடும். அதன் பிறகு நாரைக் கடித்துக் கடித்து வாசலுக்கு வெளியே இழுத்துப் போட்டுவிடும். புகைக்கரியை எடுத்து மரத்திலும் நாரிலும் தேய்த்தார். தன் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தார். நன்றாகக் காய்ந்த மரம், ஒரு பானைத் தண்ணீர் கொதித்தது.

அன்றைக்கு அவர் நினைத்தது: ரோஸ்லெட்டுக்கும் இதனால் நஷ்டமில்லை. ஏழு அடையும் ஒன்றுபோல் நின்றால் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படியே விட்டுவிடுவார்கள்.

தமயந்தி ராணிகளைக் கொண்டுவந்தபோது, ஏழு அடைகளையும் ஏழு சின்னப் பெட்டிகளில் ஞானதாஸே இறக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர்ம ஈயின் ராணியையும் கொஞ்சம் வேலைக்கார ஈக்களையும் விட்டாள். முட்டை ஈயாக மூன்று வாரம் ஆகும். சங்கத்து வளாகத்துப் புளியமரத்தடியில் பெட்டிகள் வரிசையாக நின்றன. முதல் வாரத்திலேயே ஐந்தாம் பெட்டியின் வாசலில் நார்த்துணுக்குகள் கிடந்தன. ஞானதாஸ் காலையில் வந்ததும் முற்றத்தைப் பெருக்கினார். மேற்பார்வையாளர் பெருக்குகிறாரே என்று யாருக்கும் தோன்றவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள்தான்.

இருபத்திரண்டாம் நாள் புது ஈக்கள் வெளிவந்தன. ஆறு பெட்டிகளில் அவை கொஞ்சம் மிரண்டன. வாசலில் ஓடின, உள்ளே போயின, வந்தன. இரண்டு நாளில் அடங்கி வேலைக்குப் போய்விட்டன. ஐந்தாம் பெட்டியில் பிறந்தவை பறக்கவேயில்லை. இறக்கை காயாமல் நடந்து வெளியே வந்து, பெட்டியின் வெளிப்பக்கத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கின. அடுத்தடுத்துப் பிறந்தவையும் நடந்து வந்து அவற்றோடு சேர்ந்துகொண்டன. உள்ளே தேன் இருந்தது. மழை வந்தது. உள்ளே போகவில்லை.

"கெடைச்சிருச்சுங்கண்ணா," என்றாள் தமயந்தி. அவள் குரலில் வெற்றி இல்லை.

"என்னது கெடைச்சது? ஏழும் அழுகல் பாத்ததுதானே?"

"ஏழும் பாத்ததுதான். ஆனா எப்பப் பாத்துச்சுங்கறதுதானே விஷயம். தோலு அடுக்கடுக்கா இருக்குதுங்களே, வெங்காயம் மாதிரி. இந்த ஆறுலயும் அழுகல் மேல் அடுக்குல மட்டும்தான். கீழ எல்லாம் சுத்தம். நல்லா வாழ்ந்த கூடு, கடைசியில நோய் வந்திருக்கு. அஞ்சாவதுல பாதி அடுக்கு அழுகல். ரொம்ப நாளா அதுக்குள்ள இருந்திருக்கு. மத்த ஆறுக்கும் இங்கிருந்துதான் போயிருக்கு." அவள் சட்டத்தைத் தூக்கிப் பார்த்தாள். அடை மரத்தோடு நான்கு பக்கமும் ஒட்டி, பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல நின்றது. "பிறை யாரோட குறிங்க?"

ஞானதாஸ் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

அடுக்கு அவருக்குத் தெரியாததல்ல. கருத்த அடையைக் கத்தியால் வெட்டும்போது அந்த அடுக்குகள் கையில் உரிந்து வரும், ஆயிரம் தடவை உரித்திருக்கிறார். மேல்கட்டையில் இருந்த மூன்று புள்ளியைத் தவிர அன்றைக்கு வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. அடையைத் தன் சட்டத்திலேயே விட்டிருந்தால் அது ஞானதாஸின் அடையாக இருந்திருக்கும். அவர் அதை எடுத்துத் தன் கையாலேயே ரோஸ்லெட்டின் அடையாக்கியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை காலை சங்கக் கூட்டம். முப்பது பேர் வந்திருந்தார்கள். தமயந்தி முடிவை வாசித்தாள். ரோஸ்லெட் முன்வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வாசித்து முடித்ததும் ஒரு தரம் தலையாட்டினாள். ஆபிரகாம் சார் பதிவேட்டைத் திறந்து, முதல் அழுகலுக்குக் காரணம் பெனட்டின் குடும்பத்தார் மறுபடி பயன்படுத்திய பழைய அடை என்று எழுதினார். மேற்பார்வையாளர் கையெழுத்துக்காகப் பதிவேட்டைத் திருப்பி வைத்தார்.

ஞானதாஸ் எழுந்தார். "சார், கையெழுத்து போடுகதுக்கு முன்னே ஒரு காரியம் சொல்லணும். அந்த அஞ்சாவது அடை பெனட்டுக்கது இல்ல. எனக்கதாக்கும்."

அவர் எல்லாவற்றையும் சொன்னார். பன்னிரண்டு சட்டம், எரித்த பதினொன்று, போகாத ஒரு கிலோமீட்டர், ஞாயிறு மத்தியானம், வாழைநார். திக்காமல் சொன்னார், பதினோரு வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தது.

"ஞானதாசு," என்றார் ஆபிரகாம் சார் மெதுவாக. "இரி."

"நான் சொல்லுகது நெசம் சார்."

"ஒனக்க மனசு எனக்குத் தெரியும். அதுக்காக இப்படியா? ஒரு பொம்பளைய காப்பாத்த வேற வழி இல்லியா?"

பின்வரிசையிலிருந்து பால்துரை, அழுகலில் எண்பது பெட்டி இழந்தவன், சொன்னான்: "விடுங்க சார். நம்ம அண்ணனுக்கு ஊருக்க பாவத்த எல்லாம் தூக்கிச் சுமக்கணும். போன மாசம் எனக்க மாடு செத்ததும் அவராலதான்னு சொல்லுவாரு, கேட்டுப் பாருங்க." நாலைந்து பேர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல, பிரியமான சிரிப்பு.

"மேடம், நீங்க சொல்லுங்க. அடைய சட்டம் மாத்திக் கட்டலாமா இல்லியா?"

"கட்டலாமுங்க," என்றாள் தமயந்தி. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க பழைய சட்டம் எங்கீங்கண்ணா?"

"அடுப்புல வெச்சுட்டேன்."

"நாரு?"

"பெருக்கிட்டேன்."

"அந்தப் பண்ணையில இருந்து வாங்குன வேற அடை ஏதாச்சும்?"

"அன்னைக்கே எரிச்சுட்டேன்."

"வித்தவரு?"

"இல்ல. செத்துப் போனாரு."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாமுங்க. ஆனா என்னால அடை சொல்றதைத்தான் எழுத முடியும். சட்டத்துல பிறை இருக்கு."

"புழுச்சட்டத்துல அழுகல் வந்ததுன்னு இந்த மலையில யாராவது கேட்டிருக்கியளா?" என்று யாரோ கேட்டார்கள். யாரும் கேட்டதில்லை.

ரோஸ்லெட் எழுந்து மேசைக்கு வந்தாள். "போரும் அண்ணே," என்றாள். "எனக்காக நீங்க செஞ்சது எல்லாம் எனக்கு ஓர்ம இருக்கு. இதுவும் வேண்டாம்." ஞானதாஸ் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் பெயரை முழுதாக எழுதினாள். பிறகு பேனாவை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆபிரகாம் சார், மேற்பார்வையாளருக்கு உடல்நலமில்லை என்று குறித்துக்கொண்டு தானே கையெழுத்துப் போட்டார்.

அந்த வாரம் ஞானதாஸ் எங்கே போனாலும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். பாதிரியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசினார். சாயாக்கடையில் இடம் விட்டார்கள். அவர் பால்துரையைத் தனியே பிடித்து இன்னொரு தரம் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். பால்துரைக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒங்கள மாதிரி ஒரு ஆளு இருக்குததுனாலதான் அண்ணே இந்த ஊரு இன்னும் நிக்குது," என்றான்.

எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு ரோஸ்லெட் வீட்டுக்குப் போனார். ரப்பர் வெட்டு முடிந்து பாலைத் தட்டுகளில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். முகம் வீங்கியிருந்தது. அழுத வீக்கமோ என்று பார்த்தார். அது அதிக நேரம் தூங்கியவர்களின் முகம்.

"ரோஸ்லெட்டு, நான் அன்னைக்கு சொன்னது..."

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லட்டா?" அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "கூட்டத்துல இருந்து வந்து படுத்தேன் பாருங்க. மறுநாள் மத்தியானம் வெட்டுக்காரன் வந்து கதவ தட்டுக வரைக்கும் ஒறங்கியிருக்கேன். செத்துப் போயிட்டேன்னு நெனைச்சிருக்கான் அவன்."

அவர் டம்ளரைத் தரையில் வைத்தார்.

"பதினோரு வருசமா ஒரு கேள்வி. நான் கொன்னேனான்னு இல்ல. பெனட்டு அப்படிச் சொன்னாரே, எல்லாருக்கும் முன்னால. அது அநியாயமா இல்லியான்னு. அவரு அநியாயமா சொன்னாருன்னா, அப்படி ஒரு மனுசன் கூடயா நான் இருபது வருசம் இருந்தேன்? செத்தவர திட்டவும் முடியல்ல, திட்டாம இருக்கவும் முடியல்ல. கல்லறைக்குப் போனா வாயத் தொறக்க மாட்டேன். இப்போ தெரிஞ்சு போச்சு. அந்த மனுசன் தப்பா ஒண்ணும் சொல்லிட்டுப் போகல்ல. செஞ்சது நான்தான். அவரு வேண்டாம்னு சொன்னத நான் கேக்கல்ல. முந்தாநாளு போய் மெழுகுதிரி வெச்சுட்டு வந்தேன். பேசினேன், கொஞ்ச நேரம்."

"அடை எனக்கதாக்கும், ரோஸ்லெட்டு. ஒனக்க அடை எல்லாம் சுத்தமா இருந்தது."

அவள் அவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவர் முகத்தில் எதையோ தேடிக் கண்டுபிடித்துவிட்டதைப் போல இருந்தது அவள் பார்வை, அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது. பிறகு அவள் கண்ணை எடுத்து வாசலுக்கு வெளியே ரப்பர் தட்டுகளைப் பார்த்தாள்.

"ஈ பொய் சொல்லாது," என்றாள். "மனுசன் சொல்லுவான், நல்லதுக்கும் சொல்லுவான், கெட்டதுக்கும் சொல்லுவான். நீங்க எதுக்கு சொல்லுதியன்னு நான் கேக்க மாட்டேன். கேக்கவும் வேண்டாம் எனக்கு. ஆனா அண்ணே, நல்லா கேட்டுக்கிடுங்க. அத இன்னொரு தரம் எனக்க முன்னால சொன்னியன்னா, பொறவு இஞ்ச வரண்டாம்."

பால் உறையத் தொடங்கியிருக்கும். அவள் எழுந்தாள்.

"சாயா ஆறுது," என்றாள்.

ஞானதாஸ் டம்ளரை எடுத்துக் குடித்தார். அவள் புரைக்குள் போய், நேற்று உறைந்த தாள்களை உருளையில் கொடுத்துச் சுற்றத் தொடங்கினாள். ஏதோ கோயில் பாட்டை முணுமுணுத்தாள். அவர் குடித்து முடித்த பிறகும் எழாமல், வெறும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாட்டு முடிவதற்காகக் காத்திருந்தார்.